தோண்டி எடுத்த மண்புழு வாளியில் ஏன் தங்குவதில்லை?

மார்ச் 9
கும்பகோணம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியது:
"தூண்டிலுக்கு மண்புழுவை வீட்டிலேயே வளர்க்கலாம் என்று சொல்வதெல்லாம் சும்மா. மூன்று தடவை வாழையடியில் தோண்டி எடுத்து, அதே மண்ணோடு வாளியில் போட்டு, தண்ணீரும் தெளித்து வைத்தேன். நாலாம் நாள் திறந்தால் நாற்றம். பாதி செத்துப்போச்சு, பாதியைக் காணோம். இது வீட்டில் தங்குகிற ஜீவனே இல்லை. தங்கும் என்கிறவர்கள் எப்படி என்று சொல்லுங்கள்."

மார்ச் 9, இரவு
தங்கும் தம்பி. லால்குடியில் என் வீட்டுப் பின்கட்டில் ஆறு வருஷமாக இருக்கிறது. உங்கள் கையில் தப்பு இல்லை. புழு இனம்தான் வேறு.

வாழையடியில் கிடைப்பது மண்ணில் பொந்து போட்டு வாழ்கிற புழு. ஈரம் மேலே இருந்தால் மேலே வரும், காய்ந்தால் கீழே இறங்கும். அதற்கு ஆழம் வேண்டும். முக்கால் அடி வாளியில் அது எங்கே போகும்? வாளி மண்ணை நீங்கள் தண்ணீர் ஊற்றி ஊற்றிச் சேறாக்கியிருப்பீர்கள். மண்புழு தோலால் மூச்சு விடுகிறது. சேற்றில் காற்று இல்லை. ஒன்று செத்து அழுகினால் அந்த வாளியே முடிந்தது.

தொட்டியில் வளர்க்க ஏற்றது குப்பையிலும் சாணத்திலும் வாழ்கிற புழு. மண்புழு உரம் போடுகிறவர்களிடம் கேளுங்கள், கால் கிலோ கொடுப்பார்கள். நான் அப்படித்தான் ஆரம்பித்தேன்.

மார்ச் 10
எதில் வளர்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் வைத்திருப்பது துணி ஊறவைக்கிற பழைய பிளாஸ்டிக் டப். அடியில் கம்பியைக் காய்ச்சிப் பத்துப் பன்னிரண்டு ஓட்டை. அதன்மேல் ஓட்டுச்சில்லும் தென்னை மட்டைத் துண்டும். அதற்கு மேல் கழுவிய தென்னை நார்க்கழிவு நாலு விரல் கனம், அப்புறம் ஆறிய சாணமும் காய்ந்த இலையும் கலந்து ஒரு சாண். புழுவை விட்டு, நனைத்த சணல் சாக்கைப் போட்டு மூடிவிடுங்கள். வேப்பமர நிழலில் வைத்தேன்.

நார்க்கழிவைக் கழுவாமல் போடாதீர்கள், அதில் உப்பு இருக்கிறது. சாணம் குறைந்தது பதினைந்து இருபது நாள் கிடந்ததாக இருக்கட்டும். பச்சைச் சாணம் குவியலாகக் கிடந்தால் உள்ளே சூடேறும். கையை விட்டுப் பாருங்கள், வெந்நீர்ப் பானை மாதிரி சுடும்.

வாரம் ஒரு தடவை தண்ணீர் தெளித்தால் போதும்.

மார்ச் 14
தீனி. வாழைப்பழத் தோல், தர்பூசணித் தோல், கீரைத் தண்டு, கழுவிய டீத்தூள். முட்டை ஓட்டைக் காயவைத்துப் பொடித்து மாதம் ஒரு பிடி தூவுவேன், புளிப்பு ஏறாமல் இருக்கும். எலுமிச்சைத் தோல், புளிச் சக்கை, எண்ணெய், உப்புச் சேர்ந்த எதுவும் கூடாது. பழைய சோறு வேண்டாம், புளித்துப் பேன் மாதிரிச் சின்னப் பூச்சிகள் வந்துவிடும். மீன் கழுவிய தண்ணீரை ஊற்றினால் சத்து என்று ஒருவர் எழுதியிருந்தார். தயவுசெய்து ஊற்றாதீர்கள்.

போட்ட தோல் காணாமல் போன பிறகு அடுத்த தோல். எனக்குத் தெரிந்து செத்த தொட்டிகளில் பட்டினியால் செத்தது ஒன்றுகூட இல்லை. எல்லாம் அன்பு மிகுதியால் தீனி குவித்தவை.

மார்ச் 22
"உங்களிடம் இருப்பது எந்தப் புழு?" என்று ஒருவர் கேட்டிருந்தார். ஐசினியா ஃபெடிடா. விற்றவர் அப்படித்தான் சொன்னார். சிவப்புப் புழு என்பார்கள்.

மார்ச் 23
நேற்று எழுதியது தவறு. திருத்துகிறேன்.

அதே வாசகர், "உடம்பில் வரிவரியாக இருக்கிறதா?" என்று திருப்பிக் கேட்டார். காலையில் ஒன்றை எடுத்து வெள்ளைத் தட்டில் விட்டுப் பார்த்தேன். வரி இல்லை. முன்பாதி கருஞ்சிவப்பு, வெளிச்சத்தில் திருப்பினால் ஊதா பளபளக்கிறது. வால் பக்கம் வெளிறிக் கூராகிறது. நீட்டினால் ஒரு சாணைத் தொடுகிறது. அப்புறம் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு தலையிலிருந்து வளையங்களை எண்ணினேன். வளர்ந்த புழுவுக்குக் கழுத்தில் மோதிரம் போட்ட மாதிரி ஒரு தடித்த பட்டை இருக்குமே, அது ஐசினியாவுக்கு 25-ஆம் வளையத்தை ஒட்டி ஆரம்பிக்கும். என்னுடையதற்கு 14-ஐ ஒட்டியே வந்துவிட்டது. ஆக, இது யூட்ரிலஸ் யூஜினியே. ஆப்பிரிக்கப் புழு. ஆறு வருஷமாகப் பெயர் மாற்றிக் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

பெயரில் என்ன என்று விட்டுவிட முடியாது. ஐசினியாவுக்குப் பிடித்தது 15 முதல் 25 டிகிரி. கொடைக்கானல், ஊட்டிக்காரர்களுக்குச் சரி. யூட்ரிலஸ் 25 முதல் 30 வரை சந்தோஷமாக இருக்கும், குளிர்தான் ஆகாது. எங்கள் திருச்சிப் பக்கத்துக்கு அது பொருந்தியதும் அதனால்தான். இன்னொன்று, ஐசினியாவைத் தூண்டில் முள்ளில் குத்தினால் மஞ்சளாக ஒரு நீர் விடும், வாடை அடிக்கும். அதை மோந்துவிட்டு ஒதுங்குகிற மீன் உண்டு. யூட்ரிலஸ் பெரிது, தடிமன், ஒரே புழு ஒரு முள்ளை நிரப்பும்.

ஏப்ரல் 2
பழைய கதை ஒன்று சொல்கிறேன், மேலே சொன்னதோடு சம்பந்தம் இருக்கிறது. இணையத்தில் வெளிநாட்டுக்காரர்கள் புழு டப்பாவை ஃபிரிட்ஜில் வைக்கிறார்கள். மாதக்கணக்கில் இருக்கும் என்கிறார்கள். நானும் ஒரு டப்பாவைக் காய்கறி அறைக்குக் கீழே வைத்தேன். வீட்டில் நடந்த பேச்சுவார்த்தையை விட்டுவிடுகிறேன். மூன்றாம் நாள் திறந்தால் அத்தனையும் தொய்ந்து, தொட்டால் நூல் நூலாக வந்தது.

அவர்கள் வைப்பது கனடாப் பக்கத்துப் பெரிய இரவுப்புழு. குளிர்நாட்டுப் பிராணி, 5 டிகிரியில் மடங்கிச் சும்மா கிடக்கும். நம்முடையது ஆப்பிரிக்க வெயிலில் பிறந்தது. அன்றைக்கு எனக்கு இனம் தெரிந்திருந்தால் அந்த நூறு புழு பிழைத்திருக்கும்.

ஏப்ரல் 3
முட்டை எப்படி இருக்கும் என்று கேட்ட தங்கச்சிக்கு. கடுகைவிடப் பெரிது, எலுமிச்சம்பழ வடிவம், ஒரு முனையில் நூல் போலக் கூர். இட்ட புதிதில் வெளிர் மஞ்சள், நாளாக ஆகப் பழுப்பு. பழுத்ததை உள்ளங்கையில் வைத்து டார்ச்சை அடியில் பிடியுங்கள். உள்ளே சிவப்பு இழை ஒன்று, சில சமயம் இரண்டு, சுருண்டு நகரும். பொரித்ததும் பார்த்தால் ஒரு சென்டிமீட்டர்கூட இராது, வெள்ளை நூல். என் தொட்டியில் இரண்டு மூன்று வாரத்தில் பொரிக்கிறது, அதிலிருந்து இரண்டு மாதத்துக்குள் கழுத்துப் பட்டை வந்துவிடுகிறது. பட்டை வந்தால் அது முட்டையிடுகிற புழு என்று அர்த்தம். அதனால் ரொம்பப் பெரியதையே பொறுக்கித் தூண்டிலுக்கு எடுத்துப் போகாதீர்கள். நடுத்தரத்தை எடுங்கள், பெரியது வீட்டில் இருக்கட்டும்.

புழுவை இரண்டாக வெட்டினால் இரண்டு புழு ஆகும் என்பது பொய். தலைப்பக்கம் தப்பித்து வால் வளர்க்கலாம். வால் பக்கம் துடித்துவிட்டு அடங்கிவிடும்.

ஏப்ரல் 19
எறும்பு.

நாலு நாள் வெளியூர் போயிருந்தேன். சாக்கு காய்ந்திருக்கிறது. காய்ந்த இடம் எறும்புக்கு வாசல். டப்பைத் திறந்தால் சிவப்பு எறும்பு ஒரு பக்கமாகக் கோடு போட்டு ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது. நடுவில் ஒரு பெரிய புழு. சுற்றி முப்பது நாற்பது எறும்பு. புழு புரளுகிறது, புரளுகிற பக்கமெல்லாம் கடி. என் தாத்தா மண்புழுவை நாங்கூழ் என்றுதான் சொல்வார். எறும்புகளுக்கு நடுவே அகப்பட்ட நாங்கூழ் என்று பழைய பக்திப் பாடலிலேயே உவமை இருக்கிறது. அதை எழுதியவர் இதைக் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். பார்க்காமல் அப்படி எழுத முடியாது.

தொட்டியை நாலு செங்கல் மேல் தூக்கி, ஒவ்வொரு செங்கல்லையும் தண்ணீர் உள்ள தட்டில் வைத்தேன். அம்மா சர்க்கரை டப்பாவுக்குச் செய்வாரே, அதே வேலை. எறும்பு மருந்துப் பொடி போடலாமா என்று கேட்காதீர்கள். எறும்பைக் கொல்வது புழுவையும் கொல்லும்.

ஏப்ரல் 20
வாரம் ஒரு தடவை தண்ணீர் போதும் என்று மார்ச்சில் எழுதியிருந்தேன். அது தை மாதக் கணக்கு. சித்திரையில் காலையும் மாலையும் சாக்கை நனைக்க வேண்டும். படுகையை ஒரு பிடி எடுத்து அழுத்தினால் இரண்டு மூன்று சொட்டு வர வேண்டும். ஒழுகினால் அதிகம், வராவிட்டால் குறைவு. நாளை எண்ண வேண்டாம், பிடியைப் பாருங்கள். என் பேச்சைக் கேட்டு யாராவது வாரம் ஒரு தடவை என்று விட்டிருந்தால் மன்னிக்க வேண்டும்.

மே 6
இரண்டாவது தொட்டி போய்விட்டது.

புதிதாக ஒரு வீட்டில் சாணம் வாங்கினேன். இருபது நாள் ஆறப்போட்டுத்தான் சேர்த்தேன். மறுநாள் காலை புழு எல்லாம் மூடியின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. தீனியை விட்டுவிட்டு மேலே ஏறுகிறது என்றால் கீழே ஏதோ சரியில்லை. அன்று சாயந்திரமே தொய்ய ஆரம்பித்தது. முதலில் வெயில் என்று நினைத்தேன், 40 டிகிரி அடிக்கிறது. ஆனால் பக்கத்திலேயே இருக்கிற முதல் தொட்டி, அதே நிழல், அதே சாக்கு, பழைய சாணம், ஒன்றும் ஆகவில்லை.

மே 7
சாணம் கொடுத்த வீட்டில் விசாரித்தேன். அந்தச் சாணம் எடுத்த வாரம்தான் மாட்டுக்குக் குடற்புழு நீக்க மருந்து கொடுத்திருக்கிறார்கள். மருந்தில் ஒரு பங்கு சாணத்தோடு வெளியே வரும். வயிற்றுப் புழுவைக் கொல்வதற்கென்றே செய்தது, மண்புழுவை மட்டும் விட்டுவிடுமா? அவர்கள் மேல் குற்றம் இல்லை, மாட்டுக்குச் செய்ய வேண்டியதைச் செய்தார்கள். நான்தான் கேட்டு வாங்கியிருக்க வேண்டும். இனி சாணம் வாங்கும்போது கடைசியாக மாட்டுக்கு எப்போது மருந்து கொடுத்தீர்கள் என்பதுதான் முதல் கேள்வி. புதுச் சாணத்தில் முதலில் பத்துப் புழுவை மட்டும் ஒரு கொட்டாங்குச்சியில் விட்டு இரண்டு நாள் பார்த்துவிட்டுச் சேர்ப்பேன்.

கும்பகோணத்துத் தம்பி, உங்கள் வாழைக்குக் கார்பென்டசிம் போடுகிறீர்களா? வாழைக்கட்டையை நடுமுன் அதில் முக்குகிற வழக்கம் உண்டு. அந்தப் பூஞ்சணமருந்தும் மண்புழுவுக்கு விஷம். அந்த இடத்துச் சருகைத் தொட்டியில் போடாதீர்கள்.

மே 18
நேற்று ராத்திரி கோடை மழை. இடி ஆரம்பித்ததுமே புழு வெளியே கிளம்பிவிட்டது. காலையில் திண்ணை வரை கோடு கோடாகச் சளித்தடம். மழைக்கு முந்தி ஊர்வலம் போகிற குணம் யூட்ரிலஸுக்கு உண்டு. மழை இருட்டினால் தொட்டிக்கு மேலே ஒரு பல்பைப் போட்டுவிடுங்கள், வெளிச்சம் அதற்கு ஆகாது, உள்ளேயே இருக்கும்.

இதையே திருப்பிப் பயன்படுத்தலாம். சிவப்பு வெளிச்சம் அதற்குத் தெரிவதில்லை. டார்ச்சில் சிவப்புக் கண்ணாடிக் காகிதம் கட்டிக்கொண்டு ராத்திரி போனால் மேலே கிடப்பதை அப்படியே பொறுக்கலாம். காலடி அதிர்ந்தால் மட்டும் ஓடும். சத்தம் கேட்காது, அதிர்வுதான். டார்வின் தொட்டியில் மண்புழு வளர்த்துப் பார்த்திருக்கிறார். பக்கத்தில் பியானோ வாசித்தபோது சும்மா இருந்தவை, தொட்டியைப் பியானோ மேலேயே வைத்து வாசித்ததும் பொந்துக்குள் ஓடிவிட்டன. ஆகவே வாஷிங் மெஷின் பக்கத்தில் தொட்டி வைத்திருக்கும் நண்பர், தயவுசெய்து இடத்தை மாற்றுங்கள்.

மே 25
எதற்கு இவ்வளவு பாடு, தோண்டினால் கிடைக்காதா என்று ஒருவர் கேட்கிறார். இப்போது தோண்டிப் பாருங்கள். வாய்க்கால் காய்ந்து, மண் பாளம் பாளமாகக் கிடக்கிறது. நாட்டுப் புழு ஆழத்தில் சுருண்டு தூங்குகிறது. ஆனால் மீன் கிடைப்பதும் இப்போதுதான், குளம் சுருங்கி நடுப்பள்ளத்தில் முழங்கால் தண்ணீர் நிற்கிறது. சின்ன வயதில் இந்த மாதத்தில் கிணற்றடித் துவைகல்லைப் புரட்டிப் புரட்டி நாலு புழு தேற்றுவோம். கொட்டாங்குச்சியில் ஈரமண், மேலே பூவரச இலை. அந்த நாலுக்கும் சண்டை.

இன்று காலை இருபது புழு கொண்டுபோனேன். மூன்று கெளுத்தி, ஒரு ஆரல், ஜிலேபி மீன் எண்ணவில்லை.

போகிறதுக்கு மூன்று நாள் முன்பே புழுவைச் சாணத்திலிருந்து எடுத்துக் கழுவிய நார்க்கழிவில் மட்டும் வைத்துவிடுவேன். வயிற்றில் இருக்கும் சாணம் கழிந்துவிடும். தோல் இறுகி, கண்ணாடி மாதிரி ஆகும். சாணத்திலிருந்து நேராக எடுத்த புழு முள்ளில் ஏற்றும்போதே பிய்யும். இந்தப் புழு பத்து வீச்சு தாங்கும். விரலில் காய்ந்த மணலைத் தொட்டுக்கொண்டால் வழுக்காது. சாம்பல் வேண்டாம், அது புழுவைக் கருக்கிவிடும். கழுத்துப் பட்டைக்குச் சற்றுக் கீழே முள்ளை விட்டு, இரண்டு மடிப்பு கோத்து, வாலை ஒரு அங்குலம் தொங்க விடுங்கள். ஆட்டம் அந்த வாலில்தான்.

புழுவுக்கு வருவது கெளுத்தி, ஆரல், விலாங்கு, உளுவை, ஜிலேபி. கட்லா, ரோகு வேண்டுமென்றால் தவிடும் கடலைப் புண்ணாக்கும் பிசையுங்கள், புழு வீண். கெளுத்தியைத் தூண்டில் முள்ளிலிருந்து கழற்றும்போது அதன் பக்கத்துத் துடுப்பு முள் பத்திரம். குத்தினால் ஒரு ராத்திரி தூக்கம் போகும்.

மே 26
மிச்சப் புழுவை என்ன செய்தேன் என்று கேட்டீர்கள். நல்ல கேள்வி, என்னைச் சங்கடப்படுத்திய கேள்வியும்கூட. கரையில் கொட்டிவிட்டு வருவேன். பிழைத்துப் போகட்டும் என்ற நினைப்பு.

இரண்டு நாளாக அதைத்தான் யோசிக்கிறேன். அமெரிக்காவில் பெரிய ஏரிகளை ஒட்டிய காடுகளில் பனியுகத்துக்குப் பிறகு மண்புழுவே கிடையாது. ஐரோப்பியர் வந்தபோது அவர்களோடு புழு வந்தது, தூண்டில்காரர்கள் ஏரிக்கரையில் கொட்டிய மிச்சமும் அதைப் பரப்பியது. பல வருஷம் மக்கிச் சேர்ந்த சருகுப் படுகையை அது தின்று தீர்த்ததும் காட்டுச் செடிகள் முளைக்க இடமில்லாமல் குறைந்தன. அங்கே மினசோட்டா மாநிலத்தில் மிச்சப் புழுவைக் குப்பைத் தொட்டியில் போடுங்கள் என்றே சொல்கிறார்கள். நம் ஊர் அப்படி இல்லை, இங்கே மண்புழு எப்போதும் உண்டு. என்றாலும் நான் கொட்டியது ஆப்பிரிக்கப் புழு. 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவந்த ஜிலேபி இன்று எந்தக் குளத்தில் இல்லை? கொண்டுவந்தவர்கள் இதை நினைத்திருக்க மாட்டார்கள்.

இனி மிச்சம் வீட்டுக்கே திரும்பி வரும்.

ஜூன் 1
இதைப் படித்துவிட்டு ஒருவர் சொன்னார்: சென்னையின் மண்புழு ஆய்வாளர் சுல்தான் இஸ்மாயில் நாட்டு இனங்களைத்தானே பல வருஷமாகச் சிபாரிசு செய்கிறார், நீங்கள் ஏன் வெளிநாட்டுப் புழு வைத்திருக்கிறீர்கள் என்று. பதில் இல்லை. விற்கிறவரிடம் அது இருந்தது, வாங்கினேன். மார்ச்சில் உங்களுக்கும் அதையே வாங்கச் சொன்னேன்.

இஸ்மாயில் சொல்கிற நாட்டு இனம் இரண்டு. லாம்பிட்டோ மாரிட்டி மண்ணில் பொந்து போடுகிறது, தம்பியின் வாளியில் செத்தது அநேகமாக அதுதான். மற்றது பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸ். அது குப்பையில் வாழ்கிறது. அப்படியென்றால் தொட்டியிலும் வாழும்.

ஜூன் 8
கிடைத்தது. காசு கொடுத்து வாங்கவில்லை. தெருக்கோடியில் மாட்டுக்கொட்டகை, பின்னால் போன வருஷத்துச் சாணக் குவியல். ஓரத்தில் ஈரமாக இருந்த இடத்தை விரலால் விலக்கினேன். யூட்ரிலஸைவிட மெலிசு. முதுகு கருநீலம், அசைந்தால் மயில் கழுத்து நிறம். தொட்டதும் பாம்பு மாதிரித் துள்ளி விரலிடுக்கில் நழுவிவிட்டது. அரைமணி நேரத்தில் ஐம்பது அறுபது. மண்தொட்டியில் தனியாக வைத்திருக்கிறேன். எறும்புத் தட்டு, சாக்கு எல்லாம் அதே.

ஜூன் 18
மேட்டூர் 12-ஆம் தேதி திறந்தது, எங்கள் வாய்க்காலுக்கு நேற்றுத் தண்ணீர் வந்தது. சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு முன்னால் வருகிற புதுத்தண்ணீர். அதில் மீன் ஏறும். நாட்டுப் புழுவை எடுத்துப்போனேன். மெலிசு என்பதால் பழைய முள்ளில் நிற்கவில்லை, சின்ன முள் கட்டி ஒவ்வொன்றிலும் இரண்டு புழு கோத்தேன். துள்ளல் முள்ளில் ஏறிய பிறகும் அடங்கவில்லை. தக்கை நிமிர்ந்து நிற்கவே விடவில்லை கெண்டைக் குஞ்சுகள். ஒன்பதே காலுக்கு ஒரு விலாங்கு, முழங்கை நீளம்.

ஆப்பிரிக்கத் தொட்டியைக் கலைக்கப் போவதில்லை, கெளுத்திக்கு அந்தத் தடிமன் வேண்டும். ஆனால் அந்தப் புழு வீட்டை விட்டு ஆற்றங்கரைக்கு வந்தால் எண்ணி வந்து எண்ணித் திரும்பும்.

ஜூலை 3
கும்பகோணத்துத் தம்பி எழுதியிருக்கிறார்: "அண்ணே, எங்கள் வீட்டு எருக்குழியிலேயே நீல முதுகுப் புழு இருக்கிறது. இத்தனை நாள் வாழையடியைத் தோண்டிக்கொண்டிருந்தேன். வாளியில் போட்டு இருபத்து நாலு நாள் ஆச்சு. இன்றைக்கு மஞ்சளாக எலுமிச்சை மாதிரி ஐந்து கண்ணில் பட்டது. எடுத்துப் பார்க்கலாமா?"

ஒன்றை மட்டும் எடுத்து டார்ச்சில் பாருங்கள். பார்த்துவிட்டு எடுத்த இடத்திலேயே வைத்துச் சாக்கை மூடிவிடுங்கள்.